அப்பாவின் சைக்கிள் சத்தம் போடாது

அப்பாவின் சைக்கிளைப் பிரித்து மாட்டி முடிக்க எனக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. கடையில் கொடுத்திருந்தால் இரண்டு நாளில் ஓவராலிங் செய்து தந்திருப்பார்கள். தம்பி அதைத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சைக்கிளை அப்பாவைத் தவிர வேறு யாரும் பிரித்ததில்லை. பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பால்ரஸ்களை, சக்கரத்துக்குள் உருளும் அந்த இரும்புக் குண்டுகளை, மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு எண்ணிக்கொடுத்தது நான். அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்ததாகவே நினைத்தேன்.

22 இஞ்ச் ஹெர்குலிஸ், பச்சை நிறம். 1984-ல் நாகர்கோவிலில் வாங்கி, அங்கிருந்து திருவட்டாறு பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மிதித்தே கொண்டுவந்தார். அப்போது எனக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று. அப்பா பொதுப்பணித்துறையில் கால்வாய் லஸ்கர். பேச்சிப்பாறை அணையில் ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்தால் பிப்ரவரி கடைசியில் அடைக்கும் வரை, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் பட்டணங்கால் கால்வாய்க் கரையில் இரவு பகல் பாராமல் போய்வருவார். மடையைத் திறப்பது, அடைப்பது, உடைப்பு எடுத்த இடத்தைப் பார்த்துச் சொல்வது, சண்டை போடும் இரண்டு வயல்காரர்களுக்கு நடுவில் நிற்பது எல்லாம் அவர் வேலை. கரையில் மோட்டார் வண்டி போகாது. சைக்கிள்தான்.

வேலை முடிந்தாலும் அவர் வீட்டுக்குள் இருக்கமாட்டார். தூண்டில், மலை, குளம், பறவை என்று ஏதாவது ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் தனியாகப் போனதில்லை. முன்பார்ச் சின்ன சீட்டில் தம்பி, கேரியரில் நான். அம்மாவும் வருவதென்றால் என்னையும் பாருக்கு மாற்றிவிட்டு அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொள்வார். நாலு பேரைத் தாங்கிய வண்டி இது.

கடைசியாக அவர் இதை ஓட்டியது 2022 ஜூலை 6 அன்று, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு. நானூறு வருஷத்துக்கு மேல் கழித்து நடந்த கும்பாபிஷேகம், ஊரே கூட்டம். அப்போது அவருக்கு 71 வயது. வீட்டுக்கு வந்து சைக்கிளை வீட்டை ஒட்டிய சாய்ப்பில் நிறுத்தியவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மூட்டுவலி. பிறகு நெஞ்சு. போன வருஷம் ஆவணியில் போய்விட்டார்.

சாய்ப்பில் மூன்று மழைக்காலம் நின்ற வண்டி எப்படி இருக்கும் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே மழை இரண்டு தடவை வரும், ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும். நடுவில் காயவே காயாது. டயர் இரண்டும் வெடித்துப் பிளந்திருந்தன. செயின் ஒரே கம்பியாக இறுகிக் கிடந்தது. சீட்டின் தோலில் பூஞ்சை. பின் மட்கார்டுக்குள் ஒரு குளவிக்கூடு.

முதல் ஞாயிறு கழுவியதோடு சரி. சோப்புத் தண்ணீர், பிறகு மண்ணெண்ணெய், பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ். ரிம்மின் குரோம் மேல் இருந்த துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். இது நன்றாகவே வேலை செய்கிறது. உப்புத்தாள் போட்டால் குரோமும் சேர்ந்து போய்விடும். முக்கால்வாசி பளபளப்பு திரும்பி வந்தது. மீதி இடத்தில் குரோம் உரிந்து புள்ளி புள்ளியாக இருந்தது. அதை அப்படியே விட்டேன்.

பெயிண்ட் விஷயத்தில் வீட்டில் ஒரு விவாதம். ஒரு பட்டறையில் காட்டியபோது, முழுவதையும் சுரண்டி பவுடர் கோட்டிங் செய்து புதிதுபோல் தருகிறேன் என்றார்கள். தம்பிக்கு ஆசைதான். நான் வேண்டாம் என்றேன். முன்பாரில், சின்ன சீட்டின் கிளாம்ப் இருந்த இடத்தில் பச்சை தேய்ந்து இரும்பு வெள்ளையாகத் தெரிகிறது. பத்து வருஷம் நாங்கள் இருவரும் மாறி மாறி உட்கார்ந்து தேய்த்தது. பின் கேரியர் இடப்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்திருக்கிறது, அம்மா ஒருபக்கமாகவே உட்கார்ந்ததால். அதை நிமிர்த்தவும் இல்லை. துரு பிடித்த இடத்தில் மட்டும் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமரை மெல்லிய பிரஷால் தொட்டு வைத்து, அதற்குமேல் எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தேன்.

செயின் கவரில் ஒரு பெரிய நசுக்கல் உண்டு. அது 2017-ல் வந்தது.

நவம்பர் 30, ஓகி புயல் அடித்த நாள். அப்போது நான் தக்கலை பக்கம் குடியிருந்தேன், இரண்டு பிள்ளைகளும் சின்னவை. ரப்பர் மரங்கள் ரோட்டின் குறுக்கே வரிசையாக விழுந்து கிடந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாத இரண்டு நாள் அது. கடலுக்குப் போனவர்களின் வீடுகளுக்கு அது அதற்கப்புறமும் நீண்டது. மறுநாள் மத்தியானம் வாசலில் பெல் சத்தம் கேட்டது. அப்பா. 66 வயதில், மரம் விழுந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டித் தாண்டி வந்திருக்கிறார். கேரியரில் ஒரு கேன் மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி, வாழையிலையில் கட்டிய அவித்த மரச்சீனிக் கிழங்கு. வீட்டுக்குள் வந்து ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணினார். "சரி, நாலு பேரும் உண்டு" என்றார். ஒரு டம்ளர் கட்டன்சாயா குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பிப் போய்விட்டார். ஒரு மரத்தைத் தாண்டும்போது வண்டி கைநழுவி விழுந்ததில் வந்ததுதான் அந்த நசுக்கல். உள்பக்கம் செயினில் உரசாத அளவுக்கு மட்டும் மரக்கட்டை வைத்துத் தட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் தெரியும்.

இரண்டாவது ஞாயிறும் மூன்றாவது ஞாயிறும் காட்டர் பின்னுக்கே போயின. பழைய சைக்கிளைப் பிரிக்க நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது இந்தச் சின்ன ஆப்பு. ஒருபக்கம் சாய்வாகத் தட்டை செய்திருக்கும். வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து இறுகி, துருவும் ஏறிவிட்டால் கழற்றுவது பெரும்பாடு. செய்யவேண்டிய முறை இதுதான். மூன்று நாளைக்கு முன்பே இரண்டு பக்கமும் துரு இளக்கும் எண்ணெய் விடவேண்டும். நட்டை முழுதாகக் கழற்றாமல், பின்னின் முனையும் நட்டும் ஒரே மட்டமாக வரும்வரை மட்டும் தளர்த்த வேண்டும். அப்போது மரை சிதையாது. பெடல் கட்டைக்குக் கீழே ஒரு கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து நேராக முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடியின் வேகமெல்லாம் பால்ரஸ் கப்பில் போய் இறங்கி அதை உடைக்கும். பிறகு கனமான சுத்தியல். அப்பா சொல்வது: "மக்களே, ஒரே அடி. நூறு தட்டு தட்டினா அது பூவா விரிஞ்சிரும்."

இடப்பக்கத்துப் பின் அவர் சொன்னபடி ஒரே அடியில் துள்ளி வெளியே விழுந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் வலப்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்த குழாய் சரிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. அடி பக்கவாட்டில் விழுந்து பின் வளைந்தது. மறுபடி அடித்தேன், விரிந்தது. அவர் சொன்ன அதே பூ. அன்று மாலை அதன் முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பின்னுக்காக என்று சொல்ல முடியாது.

அடுத்த வாரம் டிரில் வாங்கிவந்து முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு 5, பிறகு 7 என்று நடுவில் துளைத்து, மீதியை உளியால் தட்டி எடுத்தேன். பெடல் கட்டையின் துளையில் கீறல் விழவில்லை. புதுப் பின் இந்த வண்டிக்கு 9.5 மில்லிமீட்டர். அதன் தட்டையை அப்படியே மாட்டக்கூடாது. அரத்தால் சமமாக ராவி, அச்சின் வெட்டில் முழு முகமும் உட்காருகிறதா என்று போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கமாக நுழைய வேண்டும். ஒரே பக்கமாக நுழைத்தால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும். மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் ஒருமுறை தட்டி இறுக்க வேண்டும்.

பெடலைக் கழற்றும்போது இடப்பக்கத்துக்கு எதிர்மரை, வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும் என்பதை நினைவில் வையுங்கள். அச்சின் வலப்பக்கக் கப்புக்கும் எதிர்மரைதான். அதில் பழுது இல்லையென்றால் தொடவே வேண்டாம், நான் தொடவில்லை. உள்ளே இருந்த கிரீஸ் கறுப்பாகக் களிமண்போல் உறைந்திருந்தது. விரலால் நசுக்கினால் மணல் நறநறத்தது. கால்வாய்க் கரை மணல். ஒரு பழைய காகிதத்தில் அதைத் துடைத்து எடுத்தவள் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் மடித்து வைத்தேன்.

பால்ரஸ் கணக்கு எனக்கு மனப்பாடம். முன் சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, சின்னது, 3/16 இஞ்ச். பின் சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, கால் இஞ்ச். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார், நான் எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கை எடை பார்த்துச் சொல்லிவிடுவார். பழையதில் ஏழெட்டு குண்டுகளில் குழி விழுந்திருந்தது. ஒன்று தேய்ந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும், அளவு மாறிப்போனால் அவை உருளும் கோன் தேய்ந்துவிடும். கோனை முழுக்க இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்தி, லாக் நட்டைப் போட்டேன். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் வால்டியூபின் கனத்திலேயே சக்கரம் மெதுவாகச் சுழன்று வால்டியூப் அடியில் வந்து நிற்க வேண்டும். நின்றது.

செயினை அளந்து பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். கால் அங்குலத்துக்குப் பக்கத்தில் கூடியிருந்தது. புதுச் செயின் போட்டேன், அதோடு ஃப்ரீவீலும். பிரேக்குக்கு நாலு ரப்பர் கட்டை. டயர் 28-க்கு ஒன்றரை, இப்போதும் எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

கோட்டம் எடுக்க, அதாவது ரிம்மின் நெளிவை நேராக்க மட்டும் எனக்குத் தெரியாது. முன் ரிம்முக்கு 32 கம்பி, பின்னுக்கு 40. அதில் பின் சக்கரத்தில் ஆறு கம்பி துருவில் அறுந்திருந்தது. எங்கள் ஜங்ஷனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். ரிம்மைச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸை மட்டும் உரச விட்டு, எங்கே உரசுகிறதோ அங்கே எதிர்ப்பக்கக் கம்பியை அரைச் சுற்று இறுக்கு என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ஒங்கப்பா ஒரு தடவ எனக்க வயலுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மட தொறந்து தந்தாரு பாத்துக்கோ" என்றார். அப்பாவைப் பற்றி நான் பலபேரிடம் கேட்டதெல்லாம் இப்படித்தான் இருக்கிறது, இரவு இரண்டு மணி, மூன்று மணி என்று.

சீட் தண்டு வராமல் நின்றது. நாலாவது ஞாயிறு முழுவதும் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பாருக்குள் டீசல் விட்டு, சீட்டையே பிடியாக வைத்துத் திருகித் திருகிப் பார்த்தேன். தம்பி வந்து ஒருபக்கம் பிடித்தான். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு முனகலோடு அசைந்தது.

தண்டின் வெளியே தெரியும் பகுதியில் அப்பா சைக்கிள் டியூபைக் கீறி நாடாவாகச் சுற்றிவைத்திருந்தார். துரு பிடிக்காமல் இருக்க என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன். நாடாவைப் பிரித்ததும் உள்ளே இரும்பு புதிதுபோல் இருந்தது. அதில் அரத்தால் போட்ட மூன்று கோடுகள். முக்கால் அங்குலம், அரை அங்குலம் என்று இடைவெளி விட்டு.

சீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருந்த கோடு எது என்று எனக்கு உடனே தெரிந்தது. 1990, ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. அதற்கு முன்பு இரண்டு வருஷம் குரங்குப் பெடல். சீட்டில் உட்கார்ந்து ஓட்டப் போகிறாய் என்று சொல்லி, கால் பெடலுக்கு எட்டுகிற உயரத்துக்குச் சீட்டை அப்பா இறக்கி இறக்கிப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு அரத்தை எடுத்தது நினைவிருக்கிறது. காலையில் நான் ஓட்டுவதற்கு அந்தக் கோட்டில் வைப்பார், வேலைக்குப் போகும்போது தன் உயரத்துக்கு ஏற்றிக்கொள்வார். தினமும். கீழே இருந்த மூன்றாவது கோடு தம்பியுடையது, அவனே விரலை வைத்துச் சொன்னான். நடுவில் உள்ளது யாருக்கு?

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் வீட்டில் மூன்றாவது பிள்ளை இல்லை.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். கீரையைக் கீழே வைத்தாள்.

"அது எனக்க கோடு."

எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அம்மா சைக்கிள் ஓட்டி நாங்கள் பார்த்ததே இல்லை. வாங்கிய மறுவருஷமாம். அப்பா இரவில் கால்வாய்க்குப் போகும் காலம். வீட்டில் அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். அக்கம்பக்கம் வீடுகள் தள்ளித்தான் இருந்தன. "நான் இல்லாத நேரத்தில பிள்ளைகளுக்கு வல்லதும் வந்தா நீ என்ன செய்வ?" என்று அப்பா கேட்டிருக்கிறார். நாங்கள் உறங்கின பொறவு, நிலா வெளிச்சத்தில், கால்வாய்க் கரையில், அப்பாவுக்க கைலியைக் கட்டிக்கொண்டு அம்மா படித்திருக்கிறாள். பாட்டி எங்களுக்குப் பக்கத்தில் காவல். பதினைந்து நாள். அப்பா பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாராம்.

"எப்பவாவது ஓட்டினியா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ" என்று தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு நாலு வயதில் ஜன்னி கண்ட இரவு. அவனைச் சின்ன சீட்டில் வைத்து, தன் சேலைத் தலைப்பால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறாள். எங்களிடம் சொன்ன கதையில் யாரோ ஒரு மாமா வந்து தூக்கிப்போனார். "பொம்பள ராத்திரியில சைக்கிள் சவுட்டிட்டு போனான்னு ஊருக்குச் சொல்லவா முடியும் அப்ப?" தம்பி எழுந்து கிணற்றடிப் பக்கம் போனான். வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

கோடுகளைத் தொடாமல், தண்டுக்குக் கிரீஸ் பூசி மாட்டினேன். டியூப் நாடாவையும் மறுபடி சுற்றினேன், புது டியூபில் கீறியதை.

ஆறாவது ஞாயிறு வண்டி முழுதாக நின்றது. காற்றடித்து, சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்து, கால்வாய்க் கரைக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஏறி மிதித்ததும் கடகடவென்று ஒரு சத்தம். செயின் கவரிலிருந்து ஒன்று, முன் மட்கார்டிலிருந்து ஒன்று, கேரியர் ஸ்பிரிங்கிலிருந்து இன்னொன்று. பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் இந்த வண்டி இப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எல்லா நட்டையும் இறுக்கினேன். வாஷர் போட்டேன். இரண்டு மாலை போனது. சத்தம் நிற்கவில்லை.

அப்போதுதான் முதல் ஞாயிறு நான் செய்தது ஞாபகம் வந்தது. மட்கார்டுக் கம்பி மாட்டும் இடத்திலும், செயின் கவருக்கும் அதைத் தாங்கும் பட்டைக்கும் நடுவிலும், ஸ்டாண்டு போய் இடிக்கும் இடத்திலும் கறுப்பாகக் கட்டி கட்டியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய கிரீஸ் என்று நினைத்து உளியால் சுரண்டி எறிந்துவிட்டேன். அது கிரீஸ் இல்லை. ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கீற்றில் காய்ந்து நிற்குமே, அதை உரித்துச் சுற்றிப் பந்து செய்து நாங்கள் விளையாடுவோம். அப்பா அதையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வண்டியில் இரும்போடு இரும்பு தொடும் ஒவ்வொரு இடத்திலும் மெத்தைபோல் வைத்திருக்கிறார்.

ஏனென்றால் சத்தம் போடும் வண்டியில் போனால் எதையும் பார்க்க முடியாது.

இதை அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், வண்டியோடு சேர்த்துப் புரிந்துகொண்டது இப்போதுதான். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் கிளம்பினால் சுசீந்திரம் தாண்டித் தேரூர்க் குளத்தில் வெயில் ஏறுவதற்குள் இருப்போம். குளத்துக்கு நூறடி முன்பே பெல்லின் மேல் கைக்குட்டையைக் கட்டிவிடுவார். மிதிக்காமல் சும்மா விட்டால் ஃப்ரீவீல் கிர்ரென்று கேட்கும் என்று லேசாக மிதித்துக்கொண்டே போவார். "சும்மா விடாத மக்களே, மிதிச்சிட்டே இரு" என்பது எனக்கும் சொல்லித்தந்த பாடம். அப்படி நெருங்கிப்போய் ஊசிவால் வாத்துகளையும், மஞ்சள்மூக்கு நாரைகள் தண்ணீருக்குள் அலகைத் திறந்தபடி நடப்பதையும், முக்குளிப்பான் குஞ்சைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறோம். 2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்த செய்தி பேப்பரில் வந்தபோது எனக்குப் போன் செய்து, "நம்ம குளத்த உலகத்துல எழுதியாச்சு" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமை, எனக்கு வேலை கிடைத்தபோது இருந்த அதே அளவுதான்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே பரளியாற்றில் ஒரு தடவை நீர்நாய் காட்டினார். 1966-ல் அந்தப் பாலம் கட்டி முடித்தபோது அவருக்கு 15 வயது. 115 அடி உயரத்தில் தண்ணீர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்து போகிறது என்று பார்த்தவர், பிற்பாடு அதே தண்ணீருக்குப் பின்னால் இருபத்தைந்து வருஷம் சைக்கிள் மிதித்தார். நீர்நாய் பார்த்த அன்று வண்டியை மேலே நிறுத்திவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்து ஒரு மணிநேரம் பேசவிடவில்லை. தம்பிக்கு இருமல் வந்தபோது தன் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தி, அவன் தலையில் முத்தம் கொடுத்தார். அப்புறம் வந்தது, குட்டிகளோடு. மீனைப் பிடித்து இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தலையிலிருந்து தின்றது.

தூண்டிலிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. புதுமழை வந்து மீன்கள் சினையோடு எதிரேறும் நாட்களில் போடமாட்டார். அந்த மாதம் முழுக்கத் தூண்டில் கம்பு இறவாணத்தில் செருகியே இருக்கும். வண்டியின் பின்பக்கம் கம்பு வைக்க அவர் கட்டிய ஒரு துண்டு பிவிசி குழாய் இப்போதும் இருக்கிறது. அதை நான் கழற்றவில்லை.

பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கேட்டு ஒரு பிடி ஒட்டுப்பால் வாங்கிவந்தேன். சிரட்டையில் உறைந்ததைவிட, கீற்றிலிருந்து நாடாபோல் உரிவதுதான் இதற்கு நல்லது. இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். சுரண்டிய தழும்புகள் பெயிண்டில் தெரிந்தன, எந்த இடத்தில் இருந்தது என்று அதை வைத்துக் கண்டுபிடித்தேன். மொத்தம் பதினொரு இடம். மட்கார்டுக் கம்பிகளில் நாலு. செயின் கவரில் மூன்று. கேரியர் ஸ்பிரிங்கின் அடியில் இரண்டு. ஸ்டாண்டில் ஒன்று. டைனமோ மடங்கி வந்து உட்காரும் இடத்தில் ஒன்று. கொஞ்சம் கெட்டியாகச் சுற்றி நட்டுக்கு அடியில் நசுக்கி இறுக்கியதும் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது. கடைசியில் செயின் ஓடும் மெல்லிய ஒலி மட்டும் மிஞ்சியது.

டைனமோ இன்னும் சரியாகவில்லை. 6 வோல்ட், 3 வாட். உள்ளே காந்தம் நன்றாக இருக்கிறது, ஒயர் சுருளில் எங்கோ விட்டிருக்கிறது. பெட்ரூமில் படுத்திருக்கும்போது கரையில் தூரத்தில் வரும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அம்மா அடுப்பில் கஞ்சியைச் சூடாக்குவாள். பேட்டரி லைட் மாட்ட மனம் வரவில்லை. சுருளை மறுபடி சுற்றித் தரும் ஆள் ஒருவரை விசாரித்திருக்கிறேன். முடிந்ததும் எழுதுகிறேன்.

இதுவரை ஆன செலவு 3,640 ரூபாய். அதில் பாதிக்குமேல் டயர், டியூப், ஃப்ரீவீல், செயின்.

ஏழாவது ஞாயிறு விடியற்காலையில் கரையில் ஓட்டிப் பார்த்தேன். பட்டணங்காலில் பாதிக்குத் தண்ணீர். கட்டைமேல் சிறகை விரித்துக் காய்த்துக்கொண்டிருந்த ஒரு நீர்க்காகத்தைத் தாண்டிப் போனேன். மிதிப்பதை நிறுத்தவில்லை. அது கழுத்தைத் திருப்பிப் பார்த்தது, பறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். கேரியரின் தாழ்ந்த பக்கத்தைக் கையால் தடவினாள்.

"அந்தக் கோட்டுக்குச் சீட்ட எறக்கி வை மக்களே" என்றாள்.

அம்மாவுக்கு 68 வயது. ஏறவேண்டாம், விழுந்துவிடுவாய் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்து, நாடாவை ஒரு சுற்று அவிழ்த்து, நடுக்கோடு கிளாம்பின் விளிம்பில் வரும்படி இறக்கி இறுக்கினேன். அம்மா ஏறவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து, ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டு, கரைப் பக்கம் உருட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு போனேன்.